ஆட்காட்டியின் முட்டையும் ஐந்தாம் வகுப்பின் குழுச் செயல்பாடும்

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. சிங்கராஜா எங்கே, தந்திரக்கார நரி எங்கே என்று தேட வேண்டாம். அவர்களுடைய பிள்ளைகளெல்லாம் பக்கத்துக் காட்டில் வேன் வருகிற பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். இங்கே படித்தது மிச்சம் மீதி.

அந்தப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஒரு மைனா. அவர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது நன்றாகத்தான் இருந்தார். வரும்போது ஒரு துணிப்பை, ஒரு கையேடு, ஏழு வகைக் கைதட்டல் ஆகியவற்றோடு வந்தார். மழைக் கைதட்டல், பட்டாசுக் கைதட்டல், ரயில் கைதட்டல் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. சிறகை வைத்துத் தட்டினால் சத்தமே வராது. அதைப் பற்றிக் கையேட்டில் எதுவும் இல்லை.

"கண்ணுகளா, இனிமே பாடம் கிடையாது," என்றார் மைனா டீச்சர். "எல்லாமே செயல்பாடுதான். சேர்ந்து செய்வோம், செய்து கற்போம்!"

"அப்ப பரீட்சை?" என்று கேட்டது முள்ளெலி.

"பரீட்சை இருக்கு."

"அப்ப மாறினது என்ன டீச்சர்?"

டீச்சர் முள்ளெலியின் பெயருக்கு நேராக 'எதிர்மறை மனப்பான்மை' என்று எழுதிக்கொண்டார். அதற்கும் கையேட்டில் தனியாக ஒரு கட்டம் இருந்தது.

அன்றைய செயல்பாட்டின் பெயர் 'முட்டையைக் காப்போம்'. கையேட்டின்படி வகுப்பை இரண்டு குழுவாகப் பிரிக்க வேண்டும். குழுவுக்கு ஒரு முட்டை, இரண்டு செய்தித்தாள், பத்து ஸ்ட்ரா, கொஞ்சம் நூல். முட்டை உயரத்திலிருந்து உடையாமல் கீழே வர வேண்டும். இதனால் பிள்ளைகளுக்குக் கூட்டு முயற்சியும் சிக்கலைத் தீர்க்கும் திறனும் வளரும். முடிவைச் செயலியில் மாலை மூன்று மணிக்குள் ஏற்ற வேண்டும். மூன்று அடித்தால் செயலி மூடிவிடும். அப்புறம் டீச்சர் மறுபடி மூன்று நாள் பயிற்சிக்குப் போக வேண்டும்.

முட்டைக்கு எங்கே போவது? கையேட்டில் அதற்கும் பதில் இருந்தது. 'உள்ளூரில் கிடைக்கும் பொருள்களைப் பயன்படுத்தவும்.'

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு சரளைக்கல் மேடு. டீச்சர் அங்கே போனார். சாம்பல் நிறத்தில், கறுப்புப் புள்ளி போட்டு, உருண்டையாக இரண்டு கிடந்தன. எடுத்து வந்துவிட்டார். இரண்டுக்கும் எண் ஒட்டி, இருப்புப் பதிவேட்டில் 'கற்பித்தல் பொருள்: முட்டை, எண்ணிக்கை 2' என்று எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

அவற்றில் ஒன்று முட்டை. இன்னொன்று கல்.

குற்றம் சொல்ல முடியாது. ஆட்காட்டிக் குருவி கூடு கட்டாது. சரளைக்கல் நடுவே கல்லைப் போலவே ஒரு முட்டையை இட்டுவிட்டு, யாருக்கும் தெரியாது என்று நிம்மதியாக இருக்கும். உண்மையிலேயே யாருக்கும் தெரியவில்லை. அதுதான் பிரச்சினை.

அந்த ஆட்காட்டி வேறு யாரும் இல்லை, அதே பள்ளியின் காவல்காரி. ஆய்வுக்கு அதிகாரி வந்தால் தூரத்திலேயே பார்த்துக் கத்துவது அவள் வேலை. அவள் கத்தினால் தலைமையாசிரியர் எழுந்துவிடுவார், டீச்சர் சார்ட்டைத் தொங்கவிடுவார், பிள்ளைகள் சிரித்த முகமாக உட்கார்ந்துகொள்வார்கள். ஆறு வருஷமாக அந்தப் பள்ளி அவள் தொண்டையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு வெயில் அதிகம். முட்டை சூடேறாமல் இருக்க, வயிற்று இறகை நனைத்து வரலாம் என்று குளத்துக்குப் போயிருந்தாள். ஈரத்தோடு வந்து உட்கார்ந்தாள். கீழே கல்தான் குத்தியது. நகர்ந்து உட்கார்ந்தாள். அதுவும் கல். மேட்டிலிருந்த அத்தனை கல்லின் மேலும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வகுப்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். டீச்சர் மேஜையில் முட்டை இருந்தது. நேராக அலுவலகத்துக்கு ஓடினாள்.

தலைமையாசிரியர் ஒரு எருமை. அவசரம் என்ற சொல்லை அவர் அகராதியில்தான் பார்த்திருக்கிறார்.

"சார், என் முட்டையைக் காணோம் சார். டீச்சர் மேஜையில நம்பர் ஒட்டி இருக்கு சார். கொடுக்கச் சொல்லுங்க சார்!"

"இரும்மா. மூச்சு வாங்கிக்கோ." எருமை பதிவேட்டைத் திறந்தார். "ரெண்டு முட்டைன்னு இருக்கு."

"நான் ஒண்ணுதான் சார் போட்டேன். இன்னொண்ணு கல்லு."

"பதிவேட்டுல ரெண்டு இருக்கே. அப்ப நீ ரெண்டு போட்டிருக்கே. ஞாபகப்படுத்திப் பாரு."

"இதையெல்லாம் யாராவது மறப்பாங்களா சார்?"

"சரி, உன்னுதுன்னு என்ன ஆதாரம்? பிறப்புச் சான்றிதழ் இருக்கா?"

"இன்னும் பிறக்கவே இல்லையே சார்!"

"பிறக்கவே இல்லை. அதுக்குள்ள அம்மான்னு வந்து நிக்கிறே." எருமை அசைபோட்டார். "நான் உனக்கு எதிரி இல்லைம்மா. ஆறு வருஷம் வேலை பார்த்தவ. ஆனா பதிவேட்டுல ஏறின பொருளைச் சும்மா வெளியே கொடுக்க முடியாது. கழிவுன்னு எழுதினாத்தான் கொடுக்கலாம்."

"எப்ப கழிவுன்னு எழுதுவீங்க?"

"உடைஞ்சா."

ஆட்காட்டி மேஜையை ஒட்டி வந்து நின்றாள்.

"சார், இன்னிக்கு இருபத்தெட்டாவது நாள். காலையில உள்ளேயிருந்து தட்டுற சத்தம் கேட்டுச்சு. இன்னிக்கோ நாளைக்கோ வெளியே வந்துடும் சார்."

"ரொம்ப சந்தோஷம். மூணு மணிக்குச் செயல்பாடு முடிஞ்சுடும். உடைஞ்சவுடனே ஒரு விண்ணப்பம் எழுதிக் கொண்டா. அலைய விடமாட்டேன், இன்னிக்கே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

அவர் உண்மையாகவே உதவி செய்வதாக நினைத்துக்கொண்டுதான் இதைச் சொன்னார்.

இதற்குள் வகுப்பில் குழு பிரித்தாகிவிட்டது. முதல் குழுவின் பெயர் வெற்றி அணி. அதில் குரங்கு, மயில், கிளி. இரண்டாவது குழு ஒற்றுமை அணி. அதில் முள்ளெலி, அணில், ஓணான். வெற்றி அணிக்கு டீச்சர் விருப்பப்பட்டு ஆள் எடுத்தார். மிச்சம் இருந்தவர்களுக்கு ஒற்றுமை என்று பெயர் வைத்தார்.

ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு கொடுக்க வேண்டுமாம். வெற்றி அணியில் குரங்கு தலைவர். மயில் சார்ட் அலங்காரம். குரங்கு சொல்வதைத் திரும்பச் சொல்வது கிளியின் பொறுப்பு, அதற்குப் பெயர் தொடர்பாளர். ஒற்றுமை அணியில் அணில் பொருள் காப்பாளர். ஓணான் நேரக் காப்பாளர். முள்ளெலி ஊக்குவிப்பாளர்.

"ஊக்குவிப்பாளர்னா என்ன டீச்சர் செய்யணும்?"

"மத்தவங்க செய்யும்போது சூப்பர்னு சொல்லணும் கண்ணு."

"அவங்க தப்பா செஞ்சா?"

"அப்பவும் சூப்பர்தான்."

எண் ஒன்று வெற்றி அணிக்குப் போனது. எண் இரண்டு ஒற்றுமை அணிக்கு. அணில் இரண்டாம் எண்ணைக் கையில் வாங்கியதும் திடுக்கிட்டது.

"டேய், இது சுடுதுடா. உள்ளே யாரோ தட்டுறாங்க."

முள்ளெலி காதை வைத்துக் கேட்டது. டக். கொஞ்சம் விட்டு மறுபடி, டக் டக். அப்போதுதான் ஜன்னலுக்கு வெளியே ஆட்காட்டி வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் முள்ளெலிக்குப் புரிந்துவிட்டது. அதற்கு அறிவு அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. பார்த்தாலே புரிகிற விஷயம், யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"டீச்சர், ஒரு சந்தேகம்," என்றது முள்ளெலி. "முட்டை உடையாம தரைக்கு வரணும், அதானே?"

"கரெக்ட் கண்ணு!"

"முதல்ல தரையிலதானே இருந்துச்சு? அங்கேயே வெச்சிட்டா உடையாது. அவங்க அம்மா வெளியே நிக்கிறாங்க. கொடுத்துட்டா சிக்கல் தீர்ந்துடும்."

ஓணான் தலையை ஆட்டியது. ஓணான் எல்லாவற்றுக்கும் ஆட்டும்.

"நீ பெட்டிக்கு வெளியே யோசிக்கலை," என்றார் டீச்சர். பயிற்சியில் கற்ற வாக்கியம் அது.

"எந்தப் பெட்டி டீச்சர்?"

"ஐந்து மதிப்பெண் கழிக்கிறேன். உங்க அணி செய்யலைன்னா பரவாயில்லை. வெற்றி அணி ரெண்டு முட்டையையும் செஞ்சுடும்."

"சூப்பர்!" என்றது குரங்கு. "நாங்க செய்யறோம் டீச்சர்!"

"நாங்க செய்யறோம் டீச்சர்," என்றது கிளி.

முள்ளெலி குரங்கைப் பார்த்தது. குரங்கு முதலாம் எண்ணை வைத்து அதற்குள் கேட்ச் பிடித்து விளையாட ஆரம்பித்திருந்தது.

"இல்லை டீச்சர். எங்களுது நாங்களே செய்யறோம்."

ஜன்னல் ஓரமாக நகர்ந்து போனது முள்ளெலி. ஆட்காட்டி குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "தம்பி, என்னால அதைத் தூக்க முடியாது. அலகு பத்தாது. மரத்துலயும் ஏற முடியாது, எங்க காலுக்குக் கிளையைப் பிடிக்க வராது. கீழே நின்னு பாக்கத்தான் முடியும்."

"எனக்கும் ஒண்ணும் தெரியாதுக்கா. படிப்புல நான் கடைசி. ஆனா அந்தக் குரங்கு கைக்கு மட்டும் இதை விடமாட்டேன்."

"சூடு குறையாமப் பாத்துக்கோ."

அணில் முட்டையைத் தன் வாலால் சுற்றிக்கொண்டது.

மணி இரண்டு. வெற்றி அணியின் மேஜையில் மயில் சார்ட்டில் பூ வரைந்தது, பூவுக்கு ஜிகினா ஒட்டியது, நடுவே 'ஒன்றுபட்டால் உயரலாம்' என்று எழுதி அதற்கும் ஜிகினா ஒட்டியது. குரங்கு ஸ்ட்ராவையெல்லாம் ஒவ்வொன்றாகக் கடித்துத் துப்பியது. முதலாம் எண்ணுக்கு ஒரு ரிப்பன் கட்டினார்கள். அவ்வளவுதான் அவர்கள் செய்தது. டீச்சர் ஐந்து தடவை போட்டோ எடுத்தார்.

ஒற்றுமை அணியின் மேஜையில் சண்டை. செய்தித்தாளைக் கிழித்துத் திணிக்கலாம் என்றது அணில். மூச்சு முட்டும் என்றது முள்ளெலி. "முட்டைக்கு ஏதுடா மூச்சு?" "தட்டுறவனுக்கு இருக்குடி." அப்புறம் அணிலுக்குத் தன் கூடு ஞாபகம் வந்தது. தாளைத் திரித்துக் கயிறாக்கி, ஸ்ட்ராவைக் குறுக்கே கோத்து, உறி மாதிரி ஒரு தூக்கு பின்னியது. தாளில் ஒரு ஓரத்தை அறுத்துப் பல்லால் நைத்து மெத்தை போட்டது. முள்ளெலி தன் முள்ளால் ஸ்ட்ராவில் ஓட்டை போட்டுக் கொடுத்தது. முள்ளால் ஒரு உபயோகம் என்று அதன் வாழ்நாளில் யாரும் சொன்னதில்லை. அன்றைக்கும் யாரும் சொல்லவில்லை, ஆனால் ஓட்டை நன்றாக விழுந்தது.

"இதை அப்படியே மேலேருந்து போடப் போறோமா?" என்று கேட்டது அணில். "எவ்வளவு மெத்தை போட்டாலும் அடிபடும்டா."

முள்ளெலி கையேட்டை எடுத்துப் படித்தது. அந்தப் பள்ளியில் அதை முழுசாகப் படித்த முதல் ஆள் அதுதான்.

"'மேலிருந்து கீழே வர வேண்டும்'னுதான் போட்டிருக்கு. எவ்வளவு வேகமா வரணும்னு போடலை. நூலைக் கிளையில சுத்தி மெதுவா இறக்கலாம். ஓணான், நூலை நீ கவ்விக்கோ. கொஞ்சம் கொஞ்சமா விடு. ஒரே ஒரு விஷயம். தலையை ஆட்டக் கூடாது."

ஓணான் ஆட்டியது.

"அதைத்தான்டா ஆட்டாதேங்கறேன்!"

ஓணான் வெட்கப்பட்டு மறுபடி ஆட்டியது.

இரண்டேமுக்கால். எல்லாரும் விளையாட்டு மைதானத்துப் புளியமரத்தடிக்கு வந்தார்கள். எருமைக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆட்காட்டி ஓரமாக நின்றாள். செயல்பாட்டின் நடுவே கத்தக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு.

முதலில் வெற்றி அணி. குரங்கு மூன்றே தாவலில் உச்சிக்குப் போய், ரிப்பன் கட்டிய முதலாம் எண்ணைக் கையை வீசி எறிந்தது. அது காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து எருமையின் நாற்காலிக்குப் பக்கத்தில் தொம்மென்று விழுந்து, தரையில் பாதி புதைந்தது.

டீச்சர் ஓடிப் போய்த் தோண்டி எடுத்தார். கீறல்கூட இல்லை.

"உடையலை! பாருங்க பிள்ளைங்களா, இதுதான் கூட்டு முயற்சி!"

பட்டாசுக் கைதட்டல் நடந்தது. சத்தம் வரவில்லை.

"டீச்சர், அது கல்லு," என்றது முள்ளெலி.

"பொறாமைக்கு இன்னொரு ஐந்து," என்றார் டீச்சர்.

அடுத்து ஒற்றுமை அணி. அணில் தூக்கை வாயில் கவ்விக்கொண்டு ஏறியது. தூக்கை நூலில் கட்டி, நூலைக் கிளையில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுமுனையைக் கீழே விட்டது. ஓணான் அதைக் கவ்விக்கொண்டது. தூக்கு இறங்க ஆரம்பித்தது. ஒரு சாண். இரண்டு சாண். ஓணானின் கண் பிதுங்கியது, கழுத்து சிவந்தது, தலை மட்டும் ஆடவில்லை. பிறந்ததிலிருந்து அது ஆடாமல் இருந்தது அந்த இரண்டு நிமிடம்தான்.

பாதித் தூரம் வந்தது. முக்கால் தூரம் வந்தது. ஆட்காட்டி அலகை இறுக மூடிக்கொண்டாள்.

டீச்சருக்கு அப்போது கையேடு ஞாபகம் வந்தது. செயல்பாட்டின் நடுவே பிள்ளைகளின் புரிதலைச் சோதிக்க வேண்டுமாம்.

"என்ன செல்லங்களா, எல்லாருக்கும் புரியுதா?"

ஓணான் தலையை ஆட்டியது.

நூல் வாயிலிருந்து நழுவியது. தூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முட்டை தனியாக விழுந்தது.

நேர் கீழே நின்றது முள்ளெலி. உடம்பு பூராவும் முள். விலகினால் முட்டை தரையில் விழும், நின்றால் முள்ளில் விழும். முள்ளெலி சட்டென்று மல்லாந்து படுத்தது. அதற்கு வயிற்றில் முள் கிடையாது. அந்த வயிற்றை அது யாருக்கும் காட்டியதில்லை, ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் சுருண்டு மறைத்துக்கொள்ளும். நாலு காலையும் விரித்து, மொத்த வகுப்புக்கும் முன்னால் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

முட்டை வயிற்றின் நடுவில் வந்து விழுந்தது. பொத்தென்று ஒரு சத்தம்.

குரங்கு சிரித்தது. கிளியும் சிரித்தது.

அப்புறம் இன்னொரு சத்தம் கேட்டது. கிர்ரிக் என்று. முட்டையின் மேல் ஒரு கோடு ஓடியது. ஆட்காட்டி உத்தரவை மறந்து கத்தினாள். ஆறு வருஷப் பழக்கம், எருமை எழுந்து நின்றுவிட்டார், மயில் சார்ட்டைத் தூக்கிப் பிடித்தது.

கோடு விரிந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்ன அலகு வெளியே வந்தது. அப்புறம் ஈரமான ஒரு தலை. அப்புறம் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் இரண்டு கால். குஞ்சு முள்ளெலியின் வயிற்றிலேயே எழுந்து நின்று, தள்ளாடி, சுற்றி நின்ற அத்தனை பேரையும் பார்த்து, அவர்களில் சரியான ஆளைக் கண்டுபிடித்து, ஆட்காட்டியின் காலடிக்கு ஓடியது. பிறந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் அதற்குப் பயிற்சி கொடுத்திருக்கவில்லை.

ஓணான் அழுதுகொண்டே தலையை ஆட்டியது.

"டீச்சர்!" அணில் மரத்திலிருந்து கத்தியது. "குஞ்சு உயிரோட வந்துடுச்சு டீச்சர்!"

மைனா டீச்சர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு ஐம்பத்தெட்டு. செயலியில் இரண்டே பொத்தான். 'உடைந்தது'. 'உடையவில்லை'. அவர் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். மூன்றாவது பொத்தான் இல்லை.

அவரும் கெட்டவர் இல்லை. குஞ்சைப் பார்த்து ஒரு நொடி சிரிக்கக்கூடச் செய்தார். அப்புறம் ஓட்டைப் பார்த்தார். ஓடு இரண்டாகக் கிடந்தது.

"உடைஞ்சிருக்கே கண்ணு," என்று சொல்லிவிட்டு அழுத்தினார்.

வெற்றி அணிக்கு நூற்றுக்கு நூறு. ஒற்றுமை அணிக்குப் பூஜ்யம், அதில் பத்துக் கழித்து மைனஸ் பத்து. பதிவேட்டில் எண் இரண்டு 'சேதம், கழிவு' என்று ஏறியது. எருமை சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். ஆட்காட்டியிடம் விண்ணப்பம் வாங்கி, அன்றைக்கே கையெழுத்துப் போட்டு, இரண்டு துண்டு ஓட்டை அவளிடம் ஒப்படைத்தார். குஞ்சு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதனால் அது போவதை யாராலும் தடுக்க முடியவில்லை.

"ஏம்மா, எங்கே கிளம்பிட்டே?" என்றார் எருமை. "உன்னோட இன்னொரு முட்டை பத்திரமா இருக்கு. அதை யார் அடைகாக்கறது?"

"அது கல்லு சார்."

"நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கு. மரியாதையாப் பேசு."

அவள் குஞ்சைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வேலைக்குத் திரும்பி வரவில்லை. இப்போதெல்லாம் ஆய்வுக்கு அதிகாரி வந்தால் அவரே கதவைத் தட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது.

முள்ளெலியை டீச்சர் கூப்பிட்டுப் பேசினார். கூட்டு முயற்சியில் மைனஸ் பத்து வாங்கினால் மேல் வகுப்புக்குப் போக முடியாதாம். தினமும் பள்ளி விட்டதும் ஒரு மணி நேரம் கூட்டு முயற்சிச் சிறப்பு வகுப்புக்கு வர வேண்டுமாம்.

"யார் யார் டீச்சர் வருவாங்க?"

"நீ மட்டும்தான் கண்ணு. தனியா உக்காந்து பண்ணணும்."

முள்ளெலி பையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே நடந்தது. வாசலில் அணிலும் ஓணானும் நின்றார்கள். அவர்களிடமும் பை இருந்தது. மூன்று பேரும் சரளைக்கல் மேட்டுப் பக்கம் போனார்கள்.

முதலாம் எண் இப்போது தலைமையாசிரியர் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் ரிப்பனோடு இருக்கிறது. பள்ளியின் பெருமை என்று கீழே ஜிகினாவில் எழுதியிருக்கிறது. அடுத்த வருஷக் கையேட்டில் அதன் படம் வரும் என்கிறார்கள். தினமும் மதியம் அதை வெளியே எடுத்து வைக்கிறார்கள். வெற்றி அணி முறை போட்டு அதன் மேல் உட்காருகிறது. முதலில் குரங்கு, அடுத்து மயில், அப்புறம் கிளி. மைனா டீச்சர் போட்டோ எடுத்து ஏற்றுகிறார். நாளது தேதி வரை உடையவில்லை.

நீதி: முழு மதிப்பெண் வேண்டுமென்றால் கல்லை அடைகாக்கவும். முட்டை என்றால் என்றாவது ஒரு நாள் உயிர் வந்து கெடுத்துவிடும்.